வேனுக்குள் வயர் ஏன் தடிமன்?

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையோர டிபன் வேனில் விளக்கும் ஃபேனும் சேர்ந்து 120 வாட் என்று வையுங்கள். வீட்டின் 230 வோல்ட்டில் அதற்கு அரை ஆம்பியர் போதும். 12 வோல்ட் பேட்டரியிலோ 10 ஆம்பியர் ஓட வேண்டும். மின்னோட்டம் 19 மடங்கு ஏறினால், அதே வயரில் சூடு அதன் வர்க்கமாக, 360 மடங்குக்கு மேல் ஏறிவிடும். மெல்லிய வயர் உருகும். அதனால்தான் தடிமன்.

கடற்கரை–தாம்பரம் மின்ரயிலுக்கும் இதே கணக்குதான். 1931-இல் 1,500 வோல்ட்டில் ஓடத் தொடங்கிய தடம், 1960-களில் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும். வழியில் வீணாவதும் குறையும்.

வேனில் வயர் தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. வேன் ஓடும்போது அதிரும். தகரத் துளையின் கூர்விளிம்பு வயரின் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். துளையில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். ஃப்யூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் கிடையாது.