அடிபட்ட தலையும் அட்டை அட்டையாய் மாத்திரையும்

மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களில் பலருக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தலைவலித் தைலம் இருப்பது தெரியும். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கி, 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சன்தான் அது. நெற்றிப்பொட்டில் தடவினால் குளிர்ச்சியும் எரிச்சலுமாகச் சற்று நேரம் வலி மறக்கும். ஆனால் பைக்கிலிருந்து விழுந்து மூன்று மாதமாகியும் விடாத தலைவலி அவ்வளவு லேசில் மசியாது.

தலையில் அடிபட்ட அல்லது நினைவு திரும்பிய 7 நாட்களுக்குள் தொடங்கி, 3 மாதங்களைத் தாண்டியும் நீடித்தால் அதை நாள்பட்டது என்கிறது சர்வதேச தலைவலி வகைப்பாடு. விந்தை என்னவென்றால், பலத்த காயத்தைவிட லேசான காயத்துக்குப் பிறகே இது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. “ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே, அப்புறம் ஏன் வலிக்குது?” என்று வீட்டில் கேட்பார்கள். டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேனே கிடையாது. இன்று அது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் நொடியில் காட்டுகிறது. வலி நரம்புகள் முறுக்கேறிக் கிடப்பது மட்டும் அதில் தெரியாது.

இந்த வலிக்கென்றே தனி மருந்து எதுவும் இல்லை. அது எந்தத் தலைவலியைப் போல நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் மருந்து தருகிறார்கள். வெளிச்சம் கூசி, குமட்டி, விண்விண்ணென்று தெறித்தால் மைக்ரேன் வழி. தலையை இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தால் வேறு வழி.

சிக்கல் பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில் தொடங்குகிறது. கத்தரிக்கோலால் அட்டையிலிருந்து வெட்டித் தரும் இரண்டு மாத்திரை, சில வாரங்களில் தினசரிப் பழக்கமாகிவிடும். பாராசிட்டமால் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, வலிமருந்தோடு காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். சாரிடான் இந்தக் கூட்டு வகைதான்: பாராசிட்டமால், புரோபிபினசோன், காஃபின். மாத்திரையே வலி தரும் என்று சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. வலிக்கிறது என்றுதானே போடுகிறோம் என்பார்கள்.

எனவே முதலில் எண்ண வேண்டியது மாத்திரையை. காலண்டரில் வலி வந்த நாளையும் போட்ட மாத்திரையையும் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது, வலி வராமல் தடுக்கும் மருந்துகள். மனச்சோர்வுக்காக வந்த அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்குவார்கள். தூக்கமும் வரும், வாயும் உலரும். ரத்த அழுத்த மருந்தான புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வலிப்பு மருந்தான டோபிரமேட் விரல்களில் மதமதப்பையும், வார்த்தை சட்டென வராத தடுமாற்றத்தையும் தரலாம். அடிபட்ட மூளைக்கு அது கூடுதல் தொல்லை. ஃபுளுனரிசின் எடையைக் கூட்டும். எதுவும் வேலைசெய்ய ஆறேழு வாரங்கள் பிடிக்கும். பத்தே நாளில் “கேக்கல சார்” என்று நிறுத்துவதுதான் இங்கே வழக்கம். மைக்ரேனுக்கு வந்த சிஜிஆர்பி என்ற வலிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. இந்த வலியில் அவை இன்னும் உறுதியாக நிரூபணமாகவில்லை.

வயதானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கதை வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்து சில வாரங்கள் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் மெல்லச் சேரலாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, மந்தம், நடையில் தள்ளாட்டம், ஒரு கை சோர்வு தெரிந்தாலோ வலி மாத்திரை தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.