ரோஜாவின் முதுகு

பனிக்கரைக் குறிப்புகள் – 14

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மலைச்சாலையின் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டார்கள். எங்கள் மீன்பிடி ஊருக்கு இருக்கும் ஒரே தரைவழி அதுதான். காற்று கொஞ்சம் அடங்கினால் பனி வாரும் வண்டியை முன்னே விட்டு, மற்ற வாகனங்களை அதன் பின்னால் வரிசையாகக் கூட்டிப்போவார்கள். ‘கொலொன்னெ’ என்று அதற்குப் பெயர். இம்முறை அதற்கும் வழியில்லை. புதன்கிழமை கடையில் பால் முடிந்தது. வியாழக்கிழமை தக்காளி முடிந்தது. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் வரும். நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் இத்தனை மாரிகளைக் கழித்தவளுக்கு இவையெல்லாம் பழகியவை. பழகாதது, மடியில் கிடந்த வேலை.

தொப்பி, சால்வை, பேரனுக்குக் காலுறை என்று இதுவரை பின்னியதெல்லாம் ஒற்றை நூல் வேலை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். செல்பு கையுறையிடம் அது நடக்காது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நூல், ஐந்து ஊசி. நான்கு ஊசிகளில் கண்ணிகள் சதுரமாக நிற்கும். ஐந்தாவது ஊசி அவற்றைச் சுற்றிச் சுற்றி வரும். புறங்கையில் எட்டிதழ் ரோஜா, உள்ளங்கையில் சின்னச் சின்னக் கட்டங்கள், பெருவிரலுக்குத் தனிக் கணக்கு. வலதுக்கும் இடதுக்கும் பெருவிரலின் இடம் மாறும். மறந்தால் இரண்டு இடதுகைக் கையுறைகள்தான் மிஞ்சும்.

செல்பு என்பது த்ரொண்ட்ஹைம் நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். திரிகைக்கல் வெட்டுவதற்குப் பேர்போன இடம். 1857இல் அங்கே மாரித் என்ற பதின்ம வயதுப் பெண் இப்படியொரு ரோஜாக் கையுறையைப் பின்னினாள். சகோதரிகளோடு அதை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். ஊர்க் கண்ணெல்லாம் அவர்கள் கைகளில்தான் இருந்தன என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் கதை. பின்னாளில் மாரித் எம்ஸ்தாத் என்று அறியப்பட்டவர் அவர். எட்டிதழ் உருவம் அவர் கண்டுபிடித்ததல்ல. பல நாட்டு நெசவிலும் தையலிலும் அது முன்பே உண்டு. ஆனால் அதைக் கையுறையில் ஏற்றி ஒரு ஊருக்கே பிழைப்பாக்கியது அந்தக் கைதான். கல்யாணங்களில் கையுறை அன்பளிப்பானது. வெளியூர்ச் சந்தைக்குப் போனது. தரம் பார்த்து வாங்கி விற்பதற்கென்று 1934இல் ஒரு கைப்பணி நிலையமே வந்தது. இன்று செல்பு ஊராட்சியின் சின்னத்திலும் அந்த ரோஜாதான்.

சரி, என் ரோஜாவுக்கு வருவோம். இந்தப் பின்னலில் வெள்ளைக் கண்ணி போடும்போது கறுப்பு நூல் பின்பக்கமாகச் சும்மா ஓடும். கறுப்பு போடும்போது வெள்ளை ஓடும். அந்த ஓடுநூலை இழுத்துப்பிடித்தால் முன்பக்கம் சுருங்கும், தளரவிட்டால் விரல் மாட்டும். தூரம் அதிகமானால் நடுவில் ஒருமுறை முறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். குளிரைத் தடுப்பதும் இந்த ஓடுநூல்தான். கையுறைக்குள்ளே இன்னொரு கையுறை போல அது படிந்திருக்கும்.

வியாழன் இரவு பாதி ரோஜா எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்ட, முழங்கால் பனியில் இறங்கிப் போனேன். எண்பது தாண்டியவர். நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் ஒரே ‘து’ தான். நீ, நீர், நீங்கள் என்ற பேதம் இல்லை. என் வாய் ‘து’ என்றாலும் மனது ‘நீங்கள்’ என்றே சொல்லிக்கொள்ளும்.

அவர் விளக்கருகே பிடித்துப் பார்த்தார். “இந்த வரியில் யாரோ தொலைபேசியில் கூப்பிட்டார்கள், இல்லையா?” என்று கேட்டார்.

மகள் கூப்பிட்டிருந்தாள். பேசிவிட்டு வந்தபோது இரண்டு நூலையும் இடம் மாற்றிப் பிடித்திருக்கிறேன். எந்த நூல் கீழிருந்து வருகிறதோ அதன் கண்ணி ஒரு மயிரளவு பெரிதாக விழும். அந்த நிறம்தான் முன்னுக்கு வரும். அதுவரை கீழே ஓடிய கறுப்பு மேலே போனதும், அதற்குப் பிறகு வந்த வரிகளில் ரோஜா மங்கிவிட்டது. நான் பதினான்கு வரியும் அதைப் பார்க்காமலே பின்னியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஊசிகளை உருவினேன்.

“என்ன, திரும்பவும் அவிழ்க்கிறீரோ?” என்றார் இவர்.

“ஓம்.”

“ஆர் பாக்கப்போகினம்?”

பதில் சொல்லவில்லை. 1980களின் பிற்பகுதியில் இந்தப் பக்கத்து மீன் ஆலைகளுக்கு வந்த தமிழர்களில் நாங்களும் இருவர். பலர் பிறகு ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள், நாங்கள் நின்றுவிட்டோம். வருடக்கணக்கில் மேசை முன் நின்று கொட் மீனின் சதையை முள்ளிலிருந்து பிரித்திருக்கிறேன். கத்தி ஒரு விரற்கடை விலகினால் சதை முள்ளோடு போய்விடும். வெட்டியது வெட்டியதுதான். அந்தப் பயம் தோளில் ஏறி உட்கார்ந்து, ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. அன்றிரவு நூலை இழுக்க இழுக்க, கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பதினான்கு வரி போனது. ஒரு சாண் நூல்கூடக் குறையவில்லை. பின்னியிருந்த நெளிவோடு அது மடியில் சுருண்டு கிடந்தது. பிழை போனபின் பொருள் அப்படியே கைக்குத் திரும்பி வருகிற ஒரு வேலையை அன்றுதான் செய்தேன். தோள் கொஞ்சம் இறங்கியது.

சனிக்கிழமை காலை கம்பம் உயர்ந்தது. இவர் பால் வாங்கப் போனார். நான் எழும்பவில்லை. திங்கள் மாலைதான் முதல் கையுறை முடிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா அதை வாங்கினார். ரோஜாவைப் பார்க்கவில்லை. உறையை உட்புறம் வெளியாகத் திருப்பி, ஓடுநூல்களின் மேல் பெருவிரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு மூச்சை உள்ளே இழுத்தபடி மெல்ல “யா” என்றார். வடக்கே ஆமோதிப்பதை இப்படித்தான் சொல்வார்கள், வெளியே விடாத மூச்சில்.

இனி இடதுகை.

(தொடரும்)