கண்ணாடிக் கதவுக்கு அப்பால்: விமான நிலைய லவுஞ்சில் நுழைவோர் யார்?

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணப் புறப்படும் மூத்த வாடிக்கையாளர்கள் எம் கிளைகளில் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: "இந்த அட்டை இருந்தால் லவுஞ்சில் விடுவார்களா?" வினா நியாயமானதே. தோஹாவிலோ சிங்கப்பூரிலோ அடுத்த விமானத்திற்காக ஏழெட்டு மணி நேரம் காத்திருக்கும் எழுபது வயதுப் பயணிக்குச் சாய்ந்தமர ஓர் இருக்கையும், சூடான உணவும், குளிக்க வெந்நீரும் ஆடம்பரமல்ல. ஆனால் விடை ஒரே சொல்லில் முடிவதில்லை.

லவுஞ்ச் என்பதன் தொடக்கம் 1939. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்'பில் பல்லாண்டுகள் அழைக்கப்பட்டோர்க்கு மட்டுமே இடம் இருந்தது. அந்தக் குணம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. விமான நிறுவனங்கள் தாமே நடத்தும் உயர்தர லவுஞ்சுகளில் பயணச்சீட்டின் வகுப்பும் உறுப்பினர் தகுதியுமே பேசும். வங்கி அட்டை பெரும்பாலும் பேசாது.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையமே தெளிவான சான்று. அங்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'சில்வர்கிரிஸ்' லவுஞ்சு பிசினஸ் வகுப்பினருக்குரியது. 'பிரைவேட் ரூம்' என்பதோ அந்நிறுவனத்தின் சூட்ஸ், முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டும். எகானமி வகுப்பில் செல்பவராயினும் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு தகுதி பெற்றிருந்தால் 'கிரிஸ்ஃப்ளையர் கோல்டு' லவுஞ்சில் நுழையலாம். ஏர் இந்தியா 2014 முதல் அக்கூட்டணியில் உள்ளதால், அதன் விமானங்களில் அடிக்கடி பறந்து கோல்டு தகுதி ஈட்டியவர்க்கும் இது கிட்டும்; உடன் பயணம் செய்யும் ஒருவரையும் அழைத்துச் செல்லலாம். வெறும் பிசினஸ் வகுப்புச் சீட்டுக்கு அந்த விருந்தினர் சலுகை கூட்டணி விதிகளில் இல்லை என்பது பலரை வியக்க வைக்கும்.

இன்னொரு நுணுக்கம். எமிரேட்ஸின் 'ஸ்பெஷல்', கத்தார் ஏர்வேஸின் 'லைட்' போன்ற மலிவு பிசினஸ் கட்டணங்களில் லவுஞ்சு அனுமதி சேர்வதில்லை. இருக்கை அகலமாக இருக்கும், கதவு திறக்காது. சீட்டு வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நலம்.

இனி அட்டைக்கு வருவோம். 1992-இல் தோன்றிய 'பிரயாரிட்டி பாஸ்' போன்ற திட்டங்களின் வழியே அட்டைதாரர்கள் நுழைவது, பெரும்பாலும் தனி நிறுவனங்கள் நடத்தும் பொது லவுஞ்சுகளில்தான். அவையும் குறைவானவை அல்ல. ஆயினும் எம் மேசைக்கு வரும் முறையீடுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. கணவரின் அட்டையில் அவருக்கு மட்டும் இலவச அனுமதி. மனைவி விருந்தினராகக் கணக்கிடப்படுகிறார். விருந்தினர் கட்டணம் 35 டாலர் எனக் கொண்டால், போகவும் வரவும் 70 டாலர். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 82 டாலரைத் தாண்டும். கட்டணம் அவ்விடத்தில் கேட்கப்படுவதில்லை. அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில்தான் தெரியும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்க்கு இது சிறு தொகையன்று. சில அட்டைகளில் மனைவியின் பெயரில் கூடுதல் அட்டை பெற்றால் அவருக்கும் தனி அனுமதி உண்டு. எல்லா அட்டைகளிலும் இல்லை, கேட்டுத் தெளிக.

மேலும், பல அட்டைகள் முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவிட்டிருந்தால் மட்டுமே அனுமதி தருகின்றன. ஆண்டு முழுதும் பெட்டியில் கிடந்த அட்டையை விமான நிலையத்தில் நீட்டுவோர் திரும்ப நேரிடுகிறது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஈராண்டுக்கு முன் அட்டையுடன் வந்த சிற்றேட்டை நம்ப வேண்டாம்.

இறுதியாக ஒரு சிறு வேலை. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு ஆணைப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயக்கத்தில் இருக்கும். அயல்நாட்டு லவுஞ்சில் அட்டையைத் தேய்க்க வேண்டியிருப்பின், பன்னாட்டுப் பயன்பாட்டை மொபைல் செயலியிலோ கிளையிலோ புறப்படுமுன் இயக்கிவிடுங்கள். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடலாம்.