கத்தரி இலையில் ஒரு சரிகை

காஞ்சிபுரத்துப் பெண்களாகிய எங்களுக்குச் சரிகை புதிதல்ல. ஆனால் கத்தரிச் செடியில் சரிகையா?

பள்ளித் தோட்டத்தில் நாங்கள் வளர்த்த கத்தரி இலைகள் மஞ்சளாயின. நீர் போதவில்லை என்று குடம் குடமாக ஊற்றினோம், இன்னும் வாடின. சிஸ்டர் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் கரும்புள்ளிகளாய் எச்சம். நடுவே மிகச் சிறிய பூச்சிகள். லென்ஸில் பார்த்தால், அடடா, இறக்கை முழுதும் வலைப்பின்னல்!

இதுதான் கண்ணாடி இறக்கைப் பூச்சி. அறிவியல் பெயர் 'யுரென்டியஸ் ஹிஸ்ட்ரிசெல்லஸ்', டின்ஜிடே குடும்பம். நெற்கதிரின் பாலை உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சியும், (சொல்லவே கூச்சம்) மூட்டைப்பூச்சியும் இதற்கு உறவு. எல்லாம் ஹெமிப்டிரா வரிசை. கடித்து மெல்லும் வாய் இவற்றுக்கு இல்லை. ஊசி போன்ற அலகால் குத்தி உறிஞ்சும். ஆகவே இலையில் ஓட்டை விழாது; நாங்கள் ஏமாந்தது அதனால்தான்.

பட்டுப்புழு கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். இதற்கு அந்த நிலையே கிடையாது. இலைத் திசுவுக்குள் இட்ட முட்டையிலிருந்து முள் முள்ளாய்க் குஞ்சு வரும். ஐந்து முறை தோலுரித்து இறக்கை பெறும். இதே குடும்பத்தில் வாழையில் வாழும் ஒரு பூச்சி, கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோயையே பரப்புகிறது!

பூச்சி மொய்த்த இலைகளைக் கிள்ளி எரித்தோம். ஏழு செடிகளில் நான்கு பிழைத்தன.