காலடியில் 15 லட்சம் ஆண்டுகள்
சென்னைக்குப் பக்கத்தில், குடியம் குகைக் காட்டில் ஒரு நடை

சென்னைவாசிகளுக்குப் பூண்டி என்றால் தண்ணீர். கோடை பிறந்ததும் ஏரியின் நீர்மட்டம் நாளிதழ்களில் கட்டம் கட்டி வரும். இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கணக்குப் போடுவோம். நல்ல மழை ஒன்று பெய்ததும் மறந்துவிடுவோம். அந்த ஏரிக்கரையில் நின்று வடமேற்கே பார்த்தால், அதிக உயரமில்லாமல் ஒரு மலைத்தொடர் தெரியும். அல்லிக்குழி மலை. அதன் மடிப்பில் ஒரு முட்புதர்க் காடு, காட்டுக்குள் ஒரு பெரிய குகை, குகைக்குப் போகும் வழியெங்கும் கூழாங்கற்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் மனித இனத்தின் கதையை எழுதுகிற எவரும் இந்தக் காட்டின் சுற்றுவட்டாரத்தைத் தொடாமல் எழுத முடியாது. ஆனால், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையில் குடியம் என்று சொன்னால், எந்த மாவட்டம் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

காரணம் இல்லாமல் இல்லை. திருவள்ளூர் மாவட்டம் பெருநகரத்தின் கொல்லைப்புறமாகவே பழகிவிட்டது. தண்ணீர் வேண்டுமா, பூண்டியும் புழலும் இருக்கின்றன. தொழிற்சாலை வேண்டுமா, கும்மிடிப்பூண்டியில் சிப்காட் இருக்கிறது. செங்கல், சவுடு, கிராவல் எல்லாமே இங்கிருந்துதான் லாரி ஏறுகின்றன. எடுத்துக்கொண்டு போக மட்டுமே வருகிற இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பார்ப்பதற்கு இருக்கிறது, அதுவும் ஏராளமாக.

ஏரியைத் தாண்டி

மின்சார ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பேருந்தில் பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே எழுந்த இந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்தபோது தீரர் சத்தியமூர்த்தி விடாமல் முயன்று பெற்ற திட்டம் இது. 1944இல் ஏரி பயன்பாட்டுக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை, 1943இலேயே மறைந்துவிட்டார். 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் இந்த ஏரிக்காகப் பழைய திருவெண்பாக்கம் நீருக்குள் போனது. சுந்தரருக்குச் சிவபெருமான் ஊன்றுகோல் தந்ததாகச் சொல்லப்படும் ஊன்றீஸ்வரர் கோயிலை இடம் மாற்றி எழுப்பினார்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஏரியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாரையும் தென்படும். பூண்டியிலேயே தமிழகத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்று 1985 முதல் இருக்கிறது. குகைக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே ஒரு மணி நேரம் செலவிட்டுவிடுவது நல்லது. கைக்கோடரி எப்படி இருக்கும், வெட்டுக்கத்தி எப்படி இருக்கும், மனிதன் தட்டி உடைத்த கல்லுக்கும் தானாக உடைந்த கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கண் பழக்கிக்கொண்டால், காட்டில் தரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கூழாங்கல் விளைந்த மலை

குடியம் கிராமத்தோடு தார்ச்சாலையின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குமேல் சில கிலோமீட்டர் நடைதான். காப்புக்காட்டின் ஒற்றையடிப் பாதையில் களா, காரை, சூரை, வெப்பாலை, இடையிடையே ஈச்சம் புதர்கள். யானையும் புலியும் தேடுகிறவர்களுக்கான காடு அல்ல இது. மயில் அகவும். கௌதாரி காலடியிலிருந்து விருட்டென்று எழும்பும். செம்போத்தின் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அது வேறு புதருக்குப் போயிருக்கும். முயல், கீரி, உடும்பு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் காடு இது. கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனால் எதுவும் கண்ணில் படாது. நாலு பேராக, காலையிலேயே போனால் நிறையப் படும்.

நடக்க நடக்க ஒன்று உறுத்தும். காலுக்கடியில் எங்கு பார்த்தாலும் ஆற்றில் உருண்டதுபோல் வழவழவென்ற கூழாங்கற்கள். இந்தச் சரிவில் ஆறு கிடையாது. மலைமேல் கூழாங்கல் எப்படி வந்தது?

பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்கள் உலவிய காலத்தில், இங்கே பாய்ந்த நீரோட்டங்கள் பழைய மலைகளின் குவார்ட்சைட் பாறைகளை உடைத்து உருட்டிக் கொண்டுவந்து மணலோடு சேர்த்துக் குவித்தன. அந்தக் குவியல் காலப்போக்கில் இறுகிப் பாறையானது. அல்லிக்குழி மலை முழுவதும் அப்படிப்பட்ட கூழாங்கல் திரள்பாறைதான். வெயிலும் மழையும் பாறையைத் தின்னத் தின்ன, உள்ளே பதிந்திருந்த கற்கள் மறுபடியும் விடுபட்டுச் சரிவெங்கும் சிதறுகின்றன.

ஆதிமனிதர்கள் இங்கே வந்ததற்கு இந்தக் கற்களே முதல் காரணம். குவார்ட்சைட் கடினமானது, சரியான கோணத்தில் தட்டினால் கூர்மையான விளிம்போடு சில்லுச் சில்லாகப் பெயரும். கருவிக்குக் கல் மலையடிவாரத்திலேயே கிடைத்தது. குடிக்கத் தண்ணீர் கொசஸ்தலையிலும் அதன் ஓடைகளிலும் ஓடியது. அந்தத் தண்ணீருக்கு விலங்குகளும் வந்தன. மூலப்பொருளும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கிறதா என்று இன்று தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறவர்கள் பார்க்கிற கணக்கு அன்றும் இருந்திருக்கிறது.

குகை

பெரிய குகை கண்ணில் பட்டதும் பேச்சு தானாக நின்றுவிடும். சுரங்கம்போல் நீளும் குகை அல்ல. மலை தன் நெற்றியை முன்னால் நீட்டியதுபோல் அகன்ற ஒரு பாறை ஒதுக்கிடம். செம்மஞ்சள் விதானத்தில் ஆயிரக்கணக்கான கூழாங்கற்கள் பதித்துவைத்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாறை இடுக்குகளில் மலைத்தேன் கூடுகள் தொங்கும். வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாதீர்கள், புகை மூட்டாதீர்கள், கத்தாதீர்கள் என்று ஊர்க்காரர்கள் எச்சரிப்பது தேனீக்களை நினைத்துத்தான். குகைக்குள் செங்கல்லால் எழுப்பிய சிறு அம்மன் சன்னதி இருக்கிறது. ஊருக்கு இது வழிபாட்டு இடமும்கூட.

1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி இங்கே அகழாய்வு செய்தார். பழைய கற்காலத்தின் கைக்கோடரி மரபு முதல் பிற்கால நுண்கற்கருவிகள் வரை கிடைத்தன. ஆனால் இவ்வளவு பெரிய குகையில் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்குக் கருவிகள் குவிந்திருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடமாக இல்லாமல், வந்து ஒதுங்கித் தங்கிப்போன இடமாக இருந்திருக்கக்கூடும். குகை மனிதன் என்றதும் குகைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். குடியம் வட்டாரத்தில் அவன் பெரும்பாலும் வெட்டவெளியில்தான் வாழ்ந்திருக்கிறான். அதைப் பார்க்கக் குகையை விட்டு இறங்கி, இதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக்குப் போகவேண்டும்.

பல்லாவரத்துக் குழி

ஆனால் அத்திரம்பாக்கத்தின் கதை தொடங்குவது பல்லாவரத்தில். 1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவ அணிவகுப்பு மைதானத்தருகே சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். இயற்கை அப்படிச் செதுக்காது என்று அவருக்குத் தோன்றியது. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்றாக ஏற்கப்பட்ட கைக்கோடரி அது. பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. டார்வினின் நூல் வெளிவந்தும் அதே நான்கு ஆண்டுகள்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட், சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் வந்தார். பல்லாவரத்தில் ஒன்று கிடைத்தது. இங்கே ஓடைக்கரையில் கருவிகள் இறைந்து கிடந்தன. பின்னாளில் உலகத் தொல்லியல் நூல்களில் ‘மெட்ராஸ் கைக்கோடரி மரபு’ என்றே ஒரு பிரிவு ஏற்பட்டது. ஃபூட் வாழ்நாள் முழுதும் திரட்டிய சேகரிப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தது. 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருக்கு ஏற்காட்டில் கல்லறை இருக்கிறது.

களிமண்ணுக்குள் இருந்த காலம்

அத்திரம்பாக்கத்தை ஃபூட்டுக்குப் பின் பலர் தோண்டினார்கள். ஆனால் கருவிகளின் வயதைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. 1999 முதல் சாந்தி பப்புவும் அவரோடு குமார் அகிலேஷும் ஷர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் பொறுமையாக, அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். அடியில் இருந்த களிமண் படிவத்தை முந்தைய ஆய்வாளர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய ஆவடி ஷேல் பாறை என்று கருதியிருந்தார்கள். மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தைய பாறைக்குள் கருவி எப்படி இருக்கும்? ஆனால் இருந்தது. அது பழம்பாறையே அல்ல, வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டல் களிமண் என்று புதிய அகழாய்வு நிறுவியது. அந்தக் களிமண்ணில் இயற்கையாகக் கல் கிடையாது. ஆகவே உள்ளே இருந்த ஒவ்வொரு கல்லும் யாரோ வெளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது.

காஸ்மிக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் அணுக்களின் அளவைக் கொண்டும், மண்ணில் உறைந்திருக்கும் பூமியின் பழைய காந்தத் திசையைக் கொண்டும் வயதைக் கணித்தார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்குக் கீழே வரவில்லை. கைக்கோடரி செய்யத் தெரிந்த கைகள் இவ்வளவு முன்பே தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தன என்பது உலக ஆய்வாளர்களுக்கே புதுச் செய்தி. அங்கே விலங்குகளின் பல் புதைபடிவங்களும் குளம்புத் தடங்களும் கிடைத்தன. மனித எலும்பு மட்டும் கிடைக்கவில்லை. கருவி இருக்கிறது, செய்தவரின் முகம் இல்லை.

2018இல் ‘நேச்சர்’ இதழில் அடுத்த கட்டுரை. மேலடுக்குகளில் கிடைத்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பொருட்களை ஆராய்ந்து, பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டுத் திட்டமிட்டுச் சிறு சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் இடைப் பழங்கற்கால உத்தி இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது அது. அந்த உத்தியை ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர்கள் மிகப் பின்னால்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

லாரி ஏறும் வரலாறு

இத்தனை முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கல் எந்த அடுக்கில், எந்த மண்ணோடு, எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் கைக்கோடரி வெறும் கல்தான். மேசையில் வைக்கலாம், அதனிடம் எதையும் கேட்க முடியாது.

அங்கேதான் திருவள்ளூரின் சிக்கல் இருக்கிறது. கோயில் இடிந்தால் ஊரே கூடும். கல்வெட்டை உடைத்தால் செய்தி வரும். இங்கே வரலாறு கிராவலாகக் கிடக்கிறது. சாலை போடவும் மனை மேடாக்கவும் அள்ளப்படும் செம்மண்ணும் சரளையும்தான் கற்கருவிகள் புதைந்திருக்கும் படிவம். ஒரு டிப்பர் லாரியில் என்ன போகிறது என்று ஓட்டுநருக்கும் தெரியாது, அனுமதிச் சீட்டில் முத்திரை குத்துபவருக்கும் தெரியாது. ஃபூட்டுக்குப் பல்லாவரத்தில் முதல் கல் கிடைத்ததே சரளைக் குழியில்தான் என்பது உண்மை. ஆனால் அன்று மண்வெட்டி தோண்டியது, பார்க்க ஒருவர் இருந்தார். இன்று பொக்லைன் தோண்டுகிறது, பார்க்க யாரும் இல்லை.

தொழில் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி ஆலைகளை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. அதே வட்டாரத்தில் தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் காடாக இருந்த நிலத்தை சிப்காட்டுக்கு ஒதுக்கியபோது ஊர்மக்கள் நெடுநாள் போராடினார்கள். ஆடு மாடுகளுக்கும் விறகுக்கும் ஏரி நீர்வரத்துக்கும் அந்தக் காடு என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அல்லிக்குழி காப்புக்காடாக இருப்பதால் தப்பித்திருக்கிறது. ஆனால் தொல்பொருள் படிவங்கள் வன எல்லைக்கல் பார்த்துப் புதையவில்லை. அத்திரம்பாக்கம், வடமதுரை, பட்டரைப்பெரும்புதூர் என்று அவை மாவட்டமெங்கும் வயலிலும் ஏரியிலும் ஓடைக்கரையிலும் பரவிக் கிடக்கின்றன. மண் எடுக்க அனுமதி தரும் முன் தொல்லியல் துறையின் ஒரு பார்வை கட்டாயம் என்று விதி செய்தால் யாருக்கும் நட்டமில்லை.

போகிறவர்களுக்கு

2024இல் தமிழக வனத்துறை அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளில் குடியம் குகையும் ஒன்று. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். வழி தெரியாத காட்டில் அது ஆபத்தும்கூட. காட்டுத்தீ அச்சம் உள்ள கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஐப்பசி மழை ஓய்ந்தபின் மாசி வரை நல்ல காலம். வழியில் கடை கிடையாது என்பதால் தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது காலி பிளாஸ்டிக் பாட்டிலும் கையிலேயே இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கற்காலம் என்ற பாடத்தை நடத்தும் வாரத்தில் பிள்ளைகளைப் பூண்டி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிவாருங்கள். சென்னை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளுக்கு அது ஒரு நாள் பயணம். தம் ஊர் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்து வளரும் பிள்ளை, நாளைக்கு அதே ஊரில் பொக்லைன் ஓட்டினாலும் சட்டென்று நிறுத்தத் தெரிந்துகொள்ளும்.

காட்டுப் பாதையில் செதுக்கியது போன்ற கல் ஒன்று கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு அகழ்வைப்பகத்தில் சொல்லுங்கள். கல்லை மட்டும் எடுக்காதீர்கள்.