ஓர் இலம்பகமும் மீதிப் பன்னிரண்டும்

மதிப்பெண் இல்லாத படிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் உள்ள சேத்தூர், முன்பு ஜமீன் ஊர். நூல்களில் சேற்றூர் என்றிருக்கும். இராமசாமிக் கவிராயரும் அவர் மக்களும் சமஸ்தானப் புலவர்களாக இருந்த இடம் அது. அக்காலப் புலவர்களின் படிப்புக்குப் 'பாடம் கேட்டல்' என்று பெயர். ஆசிரியர் முன் ஏட்டுச் சுவடியோடு உட்கார்ந்து அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று ஒவ்வொரு நூலையும் செய்யுள் செய்யுளாகக் கேட்க வேண்டும். மாணவன் பாட்டெழுதினால் ஆசிரியர் அந்த இடத்திலேயே திருத்துவார். பட்டம் என்று ஒன்று கிடையாது. அதற்காக இதைப் பயன் கருதாத படிப்பு என்று புகழ்ந்துவிடவும் முடியாது. சால்வையும் சன்மானமும் உண்டு, வயிற்றுப்பாடும் அதில்தான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் வந்தபோது வேறொரு முறை தொடங்கியது. முதல் அரை நூற்றாண்டுக்கு அது பெரும்பாலும் பாடம் நடத்தாமல் தேர்வு மட்டுமே நடத்தியது. தேர்வுக்கு எல்லை வேண்டும்; ஆகவே நூலில் ஒரு பகுதி பாடமாயிற்று. இலம்பகம் எனப்படும் 13 பகுதிகளும் 3,145 செய்யுள்களும் கொண்ட சீவக சிந்தாமணியில் முதலாவதான நாமகள் இலம்பகத்தை மட்டும் 1868-இல் பவர் என்ற பாதிரியார் மாணவர்களுக்காக அச்சிட்டார்.

புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பழைய முறையில் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர், பட்டம் ஏதும் இன்றி 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த நூல்களை அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. முதலியார் ஆங்கிலக் கல்வி பெற்று உத்தியோகத்துக்கும் வந்துவிட்டவர். மீதிப் பன்னிரண்டு இலம்பகங்களால் அவருக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. இருந்தும் முழுநூலையும் படிக்க ஆசைப்பட்டார். அந்த ஆசையிலிருந்து கிளம்பிய வேலைதான் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது.

இன்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் வழக்கமான கணக்கு, அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. ஐந்து அலகுகளில் எது எப்படி வரும் என்று பழைய வினாத்தாள்களே சொல்லிவிடும். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ள அது போதும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசுத் தேர்வுக்கு முதலில் கேட்பது பட்டத்தை, மேற்படிப்புக்கு விழுக்காட்டையும். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குச் சிபாரிசும் செல்வாக்கும் இல்லாத இடத்தில் மதிப்பெண்தான் துணை.

ஆனால் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண், இன்னொரு பிரிவினருக்குக் குறிப்புரை, மூன்றாம் பிரிவினருக்கு இரண்டுமே தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் எல்லோருக்கும் ஆர்வம் குறையவில்லை. இரண்டையும் பெற்றவர்களில் படிப்பில் பின்தங்கியவர்களின் ஆர்வம், மதிப்பெண் மட்டும் பெற்ற அத்தகையவர்களைப் போலவே சரிந்தது.

பருவத் தேர்வில் குறிப்புரைக்கே இடமில்லை. விடைத்தாள் மாணவர் கைக்குத் திரும்புவதில்லை. நகல் வேண்டுமானால் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அதுவரை எந்த வரியில் பிழை என்பது திருத்தியவருக்கு மட்டுமே தெரியும்.