சோம்பேறி முள்

1970-களில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், பெட்ரோல் முள் துள்ளி எழாது. தூக்கம் கலையாதவர் படுக்கையை விட்டு எழுவதுபோல மெல்ல நகர்ந்து, நிதானமாகத்தான் தன் இடத்துக்கு வந்து நிற்கும். சாவியை அணைத்தால் இறங்குவதும் அப்படியே. புதிதாக வாங்கிய சிலர் இதையே கோளாறு என்று நினைத்து டாஷ்போர்டைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. அந்த முள்ளுக்குப் பெட்ரோலைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சூடு ஒன்றுதான்.

மீட்டரின் முதுகுக்குள் இருப்பது, இருவேறு உலோகங்களை ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு தகடு. சூடானால் ஓர் உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும்; ஒட்டிக்கொண்டிருப்பதால் தகடு வளைந்தாக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், வெயிலிலும் குளிரிலும் தன் கடற்பயணக் கடிகாரம் நேரம் தவறாமலிருக்கப் பித்தளையையும் எஃகையும் சேர்த்துக் கண்டுபிடித்த உத்தி இது. காரில் அந்தத் தகட்டைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கம்பியில் கரண்ட் பாய, அது சூடாக, தகடு வளைய, முள் நகர்கிறது. சூடு ஏறவும் ஆறவும் நேரம் பிடிக்கும். முள்ளின் சோம்பேறித்தனம் அங்கிருந்து வருகிறது. அதனால் லாபமும் உண்டு: வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் அலைமோதினாலும் முள் ஆடாது.

எவ்வளவு கரண்ட் பாயும் என்பதை முடிவு செய்வது டேங்க் யூனிட். பெட்ரோலில் மிதக்கும் மிதவை ஒரு கையை ஏற்றி இறக்க, கையின் முனை மின்தடைக் கம்பிச் சுருளின்மேல் உரசி நகர்கிறது. டேங்க் காலியென்றால் தடை ஏறத்தாழ 240 ஓம். நிறைந்திருந்தால் 30 ஓமுக்கு அருகில். தடை குறையக் குறையக் கரண்ட் கூடும், முள் ஏறும்.

இங்கே ஒரு சிக்கல். என்ஜின் நிற்கும்போது பேட்டரி தருவது 12 வோல்ட். ஓடும்போது 14-ஐத் தொடும். சூடு வோல்டேஜின் இருமடிப்படி ஏறுவதால், இந்த 2 வோல்ட் வித்தியாசம் முப்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் சூடாகிவிடும். அப்படியே விட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே டேங்கில் பெட்ரோல் ஊறுவதுபோல முள் ஏறும்! இதைத் தடுக்க, வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு தகரப் பெட்டியை வைத்தார்கள். அதற்குள்ளும் அதே ஈருலோகத் தகடு, அதே சூடேற்றும் கம்பி. சூடானதும் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் சேர்க்கும். வோல்டேஜ் கூடினால் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் துண்டிக்கும். விட்டுவிட்டு வரும் இந்தக் கரண்ட், மொத்தத்தில் நிலையான 10 வோல்ட் தரும் சூட்டையே தருகிறது. மந்தமான முள்ளுக்கு நடுவில் நின்றுபோவது தெரியவே தெரியாது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

இவ்வளவும் தெரிந்தால் கோளாறைத் தேடக் கார் முழுவதையும் பிரிக்க வேண்டாம். ஸ்பிட்ஃபயரில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் அதே ஸ்டெபிலைசரில் இருந்துதான் உயிர் வாங்குகிறது. ஆகவே முதலில் அந்த இன்னொரு முள்ளைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி ஏறினால், சந்தேகம் ஸ்டெபிலைசரின் எர்த் மேல். எர்த் போனால் உள்ளே தகடு சூடாகாது, இணைப்பு துண்டாகாது, முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய்விடும். இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தால், ஸ்டெபிலைசருக்கே கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் வாயில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் பூஜ்யத்துக்கும் 12-க்கும் இடையே பேயாட்டம் ஆடும். அதைக் கண்டு நல்ல ஸ்டெபிலைசரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. மல்டிமீட்டரை விடச் சிறு பல்பு மேல்: அது கண் சிமிட்டினால் ஆள் உயிரோடு இருக்கிறார்.

பெட்ரோல் முள் மட்டும் தவறினால் டேங்க் பக்கம் போகலாம். யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றினால் முள் காலியில் விழ வேண்டும். அந்த வயரைச் சில விநாடி மட்டும் பாடியில் தொட வைத்தால் முள் ஏற வேண்டும். அதிக நேரம் வைத்தால் மீட்டர் கருகும். பெட்ரோல் வாசம் அடிக்கும் இடத்தில் தீப்பொறி கூடாது என்பதால், நடுவே ஒரு மின்தடையைப் போட்டுத் தொடுவதுதான் புத்தி. முள் ஒழுங்காக ஏறி இறங்கினால் மீட்டரும் வயரும் குற்றவாளிகள் அல்ல.

இதே சோதனையை அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் செய்தால் எல்லாம் தலைகீழ். அங்கே காலி டேங்குக்குப் பூஜ்ய ஓம், நிறைந்ததற்கு 90. வயர் அறுந்தால் முள் ‘ஃபுல்’ காட்டும். பிரிட்டிஷ் வண்டியோ வயர் அறுந்தால் ‘காலி’ என்று அலறும். நடுவழியில் நிற்பதற்குப் பதில் வீணாக பங்க்குக்குப் போய் வருவதே மேல் என்பது என் கட்சி.

மிஞ்சுவது டேங்க் யூனிட். பெரும்பாலும் துரு பிடித்த எர்த் அல்லது தேய்ந்த கம்பிச் சுருள். சில வண்டிகளில் எல்லாம் சரியாக இருந்தும் முள் எழாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுத்து, பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும். ஊசிமுனைத் துளை வழியே பெட்ரோல் புகுந்து, மிதக்க வேண்டியது மூழ்கிவிட்டது. வெந்நீரில் அமிழ்த்தினால் துளை இருக்கும் இடத்தில் குமிழி வரும். உள்ளே போன பெட்ரோலை ஒரு சொட்டு, ஓர் ஆவி மிச்சமில்லாமல் வெளியேற்றிய பிறகே ஈயம் பற்றவைக்க வேண்டும். ஒட்டிய ஈயத்தின் எடையால் மிதவை மயிரிழை தாழ்ந்து மிதக்கும். அந்த வண்டியின் முள் அன்றிலிருந்து, இருப்பதைவிடத் துளி குறைத்தே காட்டும்.